முன் வாசலுக்கே போன கால்

விமானப் பணிப்பெண் வேலையிலிருந்து போன வருஷம் ஓய்வு பெற்றேன். இப்போது ஸ்ரீரங்கத்தில் யாரைப் பார்த்தாலும், "ப்ளேன்ல பயமா இருக்காதா?" என்று கேட்கிறார்கள். இருக்கும். ஆனால் பயமே இல்லாமல் ஏறுகிறவர்களைப் பார்த்தால்தான் எனக்கு இன்னும் பயம்.

செல்வராஜ் அப்படி ஒருவர். காந்தி மார்க்கெட்டில் காய்கறி மொத்த வியாபாரி, சிங்கப்பூருக்குச் சரக்கு அனுப்புகிறவர். மாதம் தவறாமல் எங்கள் விமானத்தில் வருவார், முன்வரிசையில்தான் உட்காருவார். கிளம்புமுன் பாதுகாப்பு விளக்கம் சொல்லி நான் பெல்ட்டைத் தூக்கிக் காட்டும்போது போனிலிருந்து தலையை நிமிர்த்த மாட்டார். "இந்தப் பாட்டு எனக்கு மனப்பாடம்மா, நீங்க போய் உக்காருங்க" என்பார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அவரைவிட அதிகம் பறந்தவர்கள் நாங்கள். ஆனாலும் ஒவ்வொரு முறையும் கதவோரம் எங்களுக்கென்று இருக்கும் ஜம்ப் சீட்டில் உட்கார்ந்து, எந்தக் கதவு, எப்படித் திறப்பது, என்ன சொல்லிக் கத்துவது என்று மனசுக்குள் ஓட்டிப் பார்த்துக்கொள்வோம்.

ஒருமுறை மனைவியோடு சிங்கப்பூரிலிருந்து திரும்பினார். அந்தம்மா விமானம் ஏறியதே அந்தப் பயணத்தில்தான். சேர்ந்தாற்போல இரண்டு சீட் பின்வரிசையில்தான் கிடைத்திருந்தது. நான் காட்டியதை அந்தம்மா வைத்த கண் வாங்காமல் பார்த்துவிட்டு, "பின்னாடி ஒரு கதவுன்னீங்களே, எதும்மா?" என்று கேட்டார். மானத்தை வாங்காதே என்று கணவர் அதட்டினார். நான் கையை நீட்டிக் காட்டினேன்.

திருச்சியில் இறங்கி ஓடுபாதையில் ஓடும்போதே முன்பக்கச் சமையல் பகுதியிலிருந்து புகை கிளம்பியது. விமானத்தை நிறுத்தி, எல்லோரையும் வெளியேற்றச் சொன்னார் கேப்டன். முன் கதவை யாரும் நெருங்க முடியவில்லை. நான் பின் கதவைத் திறந்து, தரைக்கு இறங்கும் காற்றடைத்த சறுக்கு விரிந்ததும், பைகளை விட்டுவிட்டு இங்கே வரச்சொல்லிக் கத்தினேன்.

செல்வராஜ் காரில் செய்வதுபோல இடுப்போரம் பொத்தானைத் தேடித் தேடி அழுத்திக்கொண்டிருந்தார். அந்தம்மாதான் நான் காட்டியபடி கொக்கியின் மூடியைத் தூக்கி பெல்ட்டைக் கழற்றிவிட்டார். எழுந்த வேகத்தில் அவர் மனைவியின் கையைப் பிடித்து முன்பக்கம் இழுத்தார். என்றைக்கும் இறங்குகிற வழி அது, கால் தானாகப் போய்விட்டது. எல்லோரும் என் பக்கம் வர, அந்த இரண்டு பேர் மட்டும் இடித்துக்கொண்டு புகையை நோக்கிப் போனார்கள். நான் கதவை விட்டு நகரக்கூடாது. தொண்டை கிழியக் கூப்பிட்டும் அவருக்குக் கேட்கவில்லை. புகை இருவரையும் மறைத்தது. போச்சு என்றே நினைத்தேன்.

கடைசியாக அந்தம்மா வெளிப்பட்டார். கணவர் சட்டையைக் கொத்தாகப் பிடித்து இழுத்து வந்தார். "கதவு இங்க இருக்குங்க, இவங்கதான் காட்டுனாங்கல்ல" என்று இருமலுக்கு நடுவே சொல்லிக்கொண்டே இருந்தார். இருவரையும் சறுக்கில் இறக்கிய பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

புதிதாக ஏறுகிறவர் பயத்திலாவது பார்த்துவிடுகிறார். அடிக்கடி பறக்கிறவரே, உங்கள் சீட் மாறும், பக்கத்துக் கதவும் மாறும். பழகிய கால் பழைய வாசலுக்குத்தான் போகும். அதனால் ஒவ்வொரு முறையும் பாருங்கள்.

அடுத்த தடவை செல்வராஜ் தனியாக வந்தார். வீட்டில் வரவில்லையா என்று கேட்டேன்.

"இனிமே ஏறவே மாட்டேங்குறா."

போனை அணைத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, "பாட்ட ஆரம்பிங்கம்மா" என்றார். நான் பின் கதவைக் காட்டியபோது உடம்பையே திருப்பிப் பார்த்தார். தன் சீட்டிலிருந்து அந்தக் கதவு வரைக்கும் எத்தனை வரிசை என்று அவர் விரல் எண்ணிக்கொண்டிருந்தது.