சீர்த்தட்டில் போன பின்லாந்து

மரவள்ளி மாவைக் காய்ச்சி எடுக்கும் பசைக்கு லேசான புளிப்பு வாடை உண்டு. கையைக் கழுவிய பிறகும் விரல் இடுக்கில் தங்கி, சோற்றில் கை வைக்கும்போது மூக்கில் ஏறும். கோகிலா அக்கா பிளஸ் டூ படித்த வருடம் முழுக்க, நாமகிரிப்பேட்டைக்குப் பக்கத்தில் இருந்த எங்கள் தோட்டத்து வீட்டில் அந்த வாடைதான். பசை காய்ச்சுவது என் வேலை; வெட்டுவதும் மடிப்பதும் அவள் வேலை. கத்தியை என்னிடம் தரவே மாட்டாள்.

எல்லாம் ஒரு காலண்டரால் வந்தது. பின்லாந்தில் செல்போன் கம்பெனி வேலைக்குப் போயிருந்த பெரியப்பா மகன் கொண்டுவந்து கொடுத்தது. மாதத்துக்கு ஒரு பழைய கட்டடம்: ஏரித் தண்ணீரை ஒட்டி உருண்டைக் கோபுரங்களோடு ஒரு கோட்டை, முழுக்க மரத்தால் ஆன ஒரு தேவாலயம், ஹெல்சிங்கியில் அகலப் படிகளுக்கு மேலே நிற்கும் வெள்ளைப் பேராலயம். "இதுல நல்ல நேரமும் இல்ல, ராகு காலமும் இல்ல, இத வெச்சு என்ன பண்றது?" என்று அப்பா அதைச் சுவரில் மாட்ட மறுத்துவிட்டதால் அக்கா எடுத்துக்கொண்டாள்.

எங்கள் பக்கத்தில் கல்யாணப் பத்திரிகைக்குப் பஞ்சமே கிடையாது. முடிந்துபோன கல்யாணங்களின் கெட்டி அட்டைகளைத் திருப்பிப் போட்டு, வெள்ளைப் பக்கம் வெளியே தெரிய மடித்து, மடிப்பின் மேல் வெட்டி உள்ளே தள்ளினால் படிக்கட்டு எழும்பும் என்று அவளே கண்டுபிடித்தாள். விரித்தால் பேராலயம் எழுந்து நிற்கும். மூடினால் பழையபடி பத்திரிகை போலப் படுத்துக்கொள்ளும். கோட்டைதான் அவளை அழவிட்டது. உருண்டைக் கோபுரங்கள் மூடும்போதெல்லாம் நசுங்கின. அவை நசுங்காமல் மடங்கி எழப் பொங்கல் தாண்டி, பரீட்சையும் முடிய வேண்டியிருந்தது.

அவளுக்குக் கட்டடக்கலை படிக்க ஆசை. கோயம்புத்தூரில் ஒரு கல்லூரி, நேர்காணலுக்கு வரும்போது சொந்தக் கைவேலையைக் கொண்டுவரச் சொல்லியிருந்தது. "இத காலேஜுல காட்டோணும், யாரும் தொட்டுறாதீங்க" என்று வீட்டில் எல்லோரிடமும் சொல்லிவிட்டுத்தான் அட்டைகளைப் பீரோவில் வைத்தாள். அதனால், தெரியாமல் செய்துவிட்டோம் என்று எங்கள் வீட்டில் யாரும் சொல்லிக்கொள்ள முடியாது.

அந்த நேரத்தில் அயோத்தியாப்பட்டணத்து அத்தையின் மகளுக்குத் "தெரட்டிச் சீர்" வந்தது. பெரியவளான பெண்ணுக்குத் தாய்மாமன் சீர் கொண்டுபோக வேண்டும். தாய்மாமன் எங்கள் அப்பா. அக்காவும் நானும் முதல் வேனில் கிளம்பிவிட்டோம். பின்னால் நடந்ததை அம்மா பிறகு சொன்னாள். தட்டுகளை வரிசையாக வைத்துப் பார்த்தபோது, "ஏனுங்க, ரெட்டப்படையா வருதுங்களே" என்றிருக்கிறாள். சீர்த்தட்டு ஒற்றைப்படையில்தான் போக வேண்டும். அப்பா யோசிக்கவே இல்லையாம். "காயிதத்துல மாளிகை செஞ்சு வெச்சிருக்கறாளே, அத வெய்யி. சனம் வாயப் பொளக்கட்டும்" என்று பீரோவைத் திறந்துவிட்டார்.

சனம் வாயைப் பிளக்கத்தான் செய்தது. மண்டபத்தில் பழத்துக்கும் பட்டுக்கும் நடுவே தன் அட்டைகளைக் கண்ட அக்கா அப்படியே நின்றுவிட்டாள். வீடியோக்காரர் சின்னப் பிள்ளைகளைக் கூப்பிட்டுக் கேமரா முன்னால் பேராலயத்தையும் கோட்டையையும் மாறி மாறித் திறந்து மூடச் சொன்னார். கோட்டையின் கோபுரம் ஒன்று கிழிந்து தொங்கியது.

திருப்பி வாங்கித் தரச் சொல்லி அவள் அழுதபோது அப்பா குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "குடுத்த சீரத் திருப்பிக் கேட்டுப்போட்டு, பொறந்தவ மொகத்துல நான் எப்படி முழிக்கறது? காயிதந்தானே சாமி, இன்னொன்னு செஞ்சுக்கலாம்."

அடுத்த வாரம் நேர்காணல். அவள் வெறுங்கையோடு போனாள். கைவேலை எங்கே என்று கேட்டவர்களிடம், "எல்லாம் சீருக்குக் குடுத்துட்டோமுங்க" என்று துணைக்குப் போன அப்பா பெருமையாகவே சொன்னாராம். அவர்கள் சிரித்தார்களாம். இடம் கிடைக்கவில்லை. ராசிபுரத்தில் பி.காம்., பிறகு கல்யாணம், சேலத்தில் ஃபேர்லேண்ட்ஸ் வாசம். அத்தை வீட்டில் அந்த அட்டைகள் என்றைக்கோ பழைய பேப்பரோடு போய்விட்டன. அப்பா மட்டும் இன்றும் விசேஷ வீடுகளில் தன் பின்லாந்துத் தட்டைப் பற்றி அளந்துகொண்டிருக்கிறார். எனக்கு அவரை மன்னிக்க மனம் வரவில்லை.

போன மாதம் அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். பழைய கட்டடம் ஒன்றின் மாதிரியைச் செய்துவரும்படி அவள் மகளுக்குப் பள்ளியில் சொல்லியிருந்தார்கள். அக்கா கடையிலிருந்து தெர்மாகோல் கோட்டை ஒன்றை வாங்கி வைத்திருந்தாள்; ஜன்னல்கூட நேராக இல்லை. "ஏன்க்கா, நீ செய்யாத கோட்டையா?" என்று கேட்டேன்.

"நல்லாச் செஞ்சா யாராச்சும் எடுத்துக் குடுத்துருவாங்க பாப்பா. கடையில வாங்குனத ஒருத்தரும் தொட மாட்டாங்க" என்றாள். பிறகு ஸ்கெட்ச் பேனாவைத் திறந்து, 'செய்தவர்' என்று அச்சடித்திருந்த இடத்தில் மகளின் பெயரை எழுதினாள்.