கம்பி இல்லாத கட்டை

எனக்கு இந்த மாதிரி விஷயத்துல நம்பிக்கை கிடையாது. முப்பது வருஷமா பியானோ ட்யூன் பண்றேன். ஆள் இல்லாத பங்களா, கல்லறை ஒட்டின சர்ச்சு, எல்லா எடத்துலயும் தனியா உக்காந்து வேலை பாத்திருக்கேன். பியானோ தானா சத்தம் போடுதுன்னு கூப்புடுவாங்க. தொறந்து பாத்தா உள்ள எலி இருக்கும். வெரட்டிட்டு வந்துடுவேன். நான் பாத்த பேய் அவ்ளோதான். படிப்பு எட்டாவது. கதை கட்டத் தெரியாது. நடந்தத சொல்றேன், நம்புறதும் நம்பாததும் உங்க இஷ்டம்.

டெரிக் சார்னு ஒருத்தர். பியானோ வாசிச்சுக்கினே ராக் பாட்டு பாடுவாரு. ஒரு காலத்துல அவரு வாசிச்சா காலேஜ் பசங்க பெஞ்சு மேல ஏறி ஆடுவாங்க. இப்ப எழுபத்தெட்டு வயசு. திருவான்மியூர்ல சின்ன ஃப்ளாட்டுல தனியா இருக்காரு. சம்சாரம் போயி பல வருஷம் ஆச்சு. ஒரே பொண்ணு ஷீலா, பெங்களூர்ல வேலை. போன மழைக்கு முன்ன அடையார்ல ஒரு ஸ்கூல் ஹால்ல அவருக்கு கச்சேரி வெச்சாங்க. ஷீலாவும் வந்திருந்துச்சு. ஹால் பியானோவ நான்தான் சரி பண்ணேன்.

அன்னைக்கு மத்தியானம் ட்யூன் பண்றப்ப ஒரு கம்பி அறுந்துச்சு. விரலால அழுத்துற கட்டைங்கள்ல இடது கோடியிலருந்து நாலாவதோட கம்பி. அந்த எடத்துல ஒரு கட்டைக்கு ஒரே கம்பிதான், தாமிரம் சுத்தின தடிக் கம்பி, அளவு குடுத்து செஞ்சு வாங்கணும், பத்து நாள் ஆகும். அறுந்தத கழட்டி பைல போட்டுக்கினு டெரிக் சார் கிட்ட சொன்னேன்.

"சார், கீழ நாலாவது கட்டை பேசாது."

"கடைசிப் பாட்டே அதுலதான் மேன் முடியுது."

"அடிங்க. சத்தம் வராது, அவ்ளோதான்."

"பிரியாணிக்கு கூப்ட்டு வெறும் எலைய போடுற மேன் நீ."

கச்சேரி அப்ப நான் மேடைக்கு இடது ஓரம், திரை பக்கத்துல நின்னேன். கடைசிப் பாட்டு முடியுறப்ப அந்தக் கட்டைய ஓங்கி அடிச்சாரு. எனக்கு டொக்குனு மரம் தட்டுற சத்தம்தான் கேட்டுச்சு. ஆனா அவரு கண்ண மூடி சிரிச்சாரு. எழுந்து கும்புட்டாரு. ஜனம் கை தட்டுச்சு. நான் பியானோவ மூடிட்டு பஸ் புடிச்சு சிந்தாதிரிப்பேட்டை வந்துட்டேன்.

அப்பறம்தான் தொல்லை. டெரிக் சார் வண்டில ஏறுனதுமே பொண்ணு கிட்ட, அந்த கடைசி நோட்டு கேட்டியா, எப்புடி பேசுச்சு பாத்தியான்னு கேட்டிருக்காரு. அடுத்த நாளும் அதே பேச்சு, அடுத்த வாரமும் அதே பேச்சு. ஷீலா எனக்கு ஃபோன் பண்ணுச்சு.

"அங்கிள், எனக்கு ஒண்ணும் கேக்கல. அந்தக் கட்டைக்கு கம்பி இருந்துச்சா?"

"இல்லம்மா. எங்கிட்ட பைல இருந்துச்சு."

நான் சொன்னது அவ்ளோதான். டெரிக் சார் ஏற்கெனவே ரெண்டு தடவ அடுப்ப அணைக்காம தூங்கியிருக்காரு. இப்ப இல்லாத சத்தமும் கேக்குது. டாக்டரும் இந்த வயசுல மறதி இப்புடித்தான் ஆரம்பிக்கும்னுட்டாரு. ஃப்ளாட்ட காலி பண்ணி பெங்களூருக்கு கூட்டிக்கினு போறது, இனிமே மேடை கிடையாதுன்னு ஷீலா முடிவு பண்ணிடுச்சு. அது மேலயும் தப்பு சொல்ல முடியாது. டெரிக் சார் எங்கிட்ட ஒண்ணுதான் சொன்னாரு. "அங்க போனா சேர்ல உக்கார வெச்சு டிவி போட்டு வுட்ருவாங்க மேன். ஆறு மாசம்கூட தாங்க மாட்டேன்." என் ஒரு வார்த்தையாலதான் இப்புடி ஆச்சுன்னு மனசுல கெடந்துச்சு.

சாமான் ஏத்த நாள் குறிச்சாச்சு. அதுக்கு மூணு நாள் முன்ன பாஸ்கர் சார் கூப்ட்டாரு. மயிலாப்பூர்க்காரர், பேங்குல இருந்து ரிட்டையர் ஆனவர், டெரிக் சாரோட ரொம்ப நாள் ரசிகர். எந்தக் கச்சேரிக்குப் போனாலும் ஃபோன்ல வீடியோ புடிச்சு, அது எப்புடின்னு விமர்சனம் எழுதி, அவங்க ரசிகர் கூட்டத்துக்கு வாட்ஸப்ல அனுப்புவாரு.

காலைல பதினோரு மணிக்குப் போனேன். காபி குடுத்தாரு.

"ஏழுமலை, அடையார் கச்சேரி பத்தி பத்து வரி எழுதிட்டேன். ஒன்பது வரி குறைதான். பியானோ பத்தி மட்டும் நீங்க கேட்டு சொல்லுங்கோ, தப்பா எழுதிண்டு திட்டு வாங்க வேண்டாம்."

"ஃபோன்லயே போடுங்க சார்."

"ஃபோன்ல கனமான கீழ் சத்தமே வராது. ஹெட்ஃபோன் மாட்டிக்கோங்கோ."

மாட்டிக்கினேன். அவரு பத்தாவது வரிசைல உக்காந்து வீடியோ புடிச்சிருந்தாரு. பக்கத்து ஆள் இருமல், ஹால் ஃபேன் சத்தம். ரெண்டாவது பாட்டுல டெரிக் சார் இடது கை தடுமாறுது. நாலாவதுல குரல் ஏறல, கீழ எறக்கிப் பாடிட்டாரு. அஞ்சாவது நல்லா இருந்துச்சு. அப்புடியே சொன்னேன், பாஸ்கர் சார் எழுதிக்கினாரு. கடைசிப் பாட்டு வந்துச்சு. முடிவுல அந்தக் கட்டைய அடிச்சாரு.

சத்தம் வந்துச்சு.

பக்கத்துக் கம்பி அதிர்ந்தா கொஞ்சம் வரும், எனக்கு தெரியும். இது அது இல்ல. முழுசா, தரை அதிர்ற மாதிரி. மூணு தடவ திருப்பிப் போடச் சொன்னேன். மூணாவது தடவதான் இன்னொண்ணு காதுல பட்டுச்சு. சத்தத்துக்கு அடில ஒரு ரீங்காரம், தகர டப்பாக்குள்ள ஈ மாட்டிக்கின மாதிரி. ஹெட்ஃபோன கழட்டிட்டேன். ஏன்னா அந்த ரீங்காரம் எனக்கு தெரியும்.

டெரிக் சார் முன்ன வேளச்சேரில தரைத்தளத்துல இருந்தாரு. சொந்தமா ஒரு பியானோ வெச்சிருந்தாரு. அதுல இதே நாலாவது கட்டைல இந்த ஈ சத்தம் இருக்கும். நானும் கழட்டாத ஸ்க்ரூ இல்ல, வருஷக்கணக்கா பாத்தும் அது போகல. பெரிய வெள்ளம் வந்தப்ப அந்த பியானோ மூணு நாள் தண்ணில நின்னுச்சு. பசை விட்டு பலகை பலகையா கழண்டுச்சு. சேத்த வழிச்சு, உள்ள இருந்த இரும்புச் சட்டத்த பழைய இரும்புக்கு லாரில ஏத்துனவனே நான்தான்.

பாஸ்கர் சார் கிட்ட சொன்னேன். அவரு பேனாவ மூடி வெச்சுட்டாரு. உடனே ஆட்டோ புடிச்சு திருவான்மியூர் போனோம்.

வீடு பூரா அட்டைப் பெட்டி. டெரிக் சார் நடுவுல உக்காந்திருந்தாரு. "இன்னா மேன், சாமான் தூக்க வந்தியா?"ன்னாரு. ஹெட்ஃபோன மாட்டி விட்டோம். கேட்டாரு. அப்பறம் மெதுவா, "நம்ம வேளச்சேரி பியானோ மேன்"ன்னாரு. நான் அந்தப் பேச்சையே எடுக்கல. அவரே சொன்னாரு.

உள்ளருந்து ஷீலா கோவமா வந்துச்சு. "பாஸ்கர் அங்கிள், டாடி சந்தோஷத்துக்காக கம்ப்யூட்டர்ல கலந்தீங்களா?"

"எனக்கு ஃபோன்ல அலாரம் வைக்கவே தெரியாதும்மா. நான் எங்க போய் கலக்கறது."

அது எம்பக்கம் திரும்புச்சு. "நீங்க சொல்லுங்க. நீங்க பொய் சொல்ல மாட்டீங்க."

"கம்பி இல்லம்மா. அன்னைக்கும் அதான் சொன்னேன், இன்னைக்கும் அதான். ஆனா சத்தம் இருக்குது. ரெண்டும் நெஜம். நீயே கேளு."

கேட்டுச்சு. சின்ன வயசுல அது அந்த வேளச்சேரி பியானோ அடியிலதான் படுத்துத் தூங்கும். கேட்டுட்டு ஹெட்ஃபோன கழட்டல, அப்புடியே ஒரு பெட்டி மேல உக்காந்துடுச்சு. அப்பறம் எழுந்து, கட்டி வெச்சிருந்த ஒரு பெட்டிய பிரிச்சு, அப்பாவோட காபி கப்ப எடுத்து கழுவ ஆரம்பிச்சுது.

மூணாவது நாள் லாரி வரல. ஷீலா மட்டும் ஊருக்குப் போச்சு. சமையலுக்கு ஒரு அம்மாவ வெச்சுட்டுப் போச்சு. டெரிக் சார் இப்பவும் இங்கதான். அடுத்த மாசம் அதே ஹால்ல திரும்ப வாசிக்கிறாரு. பழைய பியானோ நம்மள தேடி வந்துச்சுன்னு எல்லார் கிட்டயும் சொல்லிக்கினு திரியுறாரு. இருக்கட்டும். அவருக்கு அது போதும்.

எனக்குதான் போதல. ஒண்ண நான் யார் கிட்டயும் சொல்லல.

பியானோ கம்பி ரெண்டு விதமா அடங்கும். கட்டைய அழுத்திக்கினே இருந்தா சத்தம் கொஞ்சம் கொஞ்சமா தேயும். விரல எடுத்தா கம்பளித் துண்டு கம்பி மேல விழுந்து சட்டுனு நிக்கும், சின்னதா தொப்புனு கேக்கும். முப்பது வருஷமா கேக்குறேன், அதுல நான் ஏமாற மாட்டேன். அந்த வீடியோல டெரிக் சார் எழுந்துட்டாரு. பெடல மிதிச்சா சத்தம் நீளும், கால் அதுலயும் இல்ல. ரெண்டு கையும் கூப்பி நிக்கிறாரு. கை தட்டுறாங்க. அதுக்கு அடில அந்த நோட்டு ஓடிக்கினே இருக்குது, இன்னும் தேஞ்சு முடியல. அவரு கும்புட்டு நிமிர்ந்தப்பறம்தான் நிக்குது. சட்டுனு. தொப்புனு.

பியானோ திரும்பி வந்துச்சுன்னே வெச்சுக்கலாம். அந்தக் கட்டைல விரல வெச்சிருந்தது யாருன்னு எனக்கு தெரியல.