பொணம் சிவந்த நாள்

அன்று ஆய்வக மேசையருகே நின்றது நாங்கள் மூவர்: முனைவர் பட்ட ஆய்வை முடிக்கும் தறுவாயில் இருந்த அக்கா, அவருக்கு அடுத்துச் சேர்ந்த நான், ஆய்வகத்தைப் பார்த்துக்கொள்ளும் அண்ணன். எங்கள் வழிகாட்டி சார் டெல்லி போயிருந்தார்.

சென்னையை அடுத்த பொத்தேரியில் நடுப்பகல். வெளியே ஜி.எஸ்.டி. சாலை வெயிலில் காய, உள்ளே ஈஸ்ட்டின் புளித்த மாவு வாசம். ஓர் அமினோ அமிலத்தை உடைக்க ஈஸ்ட் தனக்குள் வைத்திருக்கும் நொதியை அக்கா வருடக்கணக்காகப் பிரித்துத் தூய்மையாக்கி, சில சொட்டுகளாகச் சேர்த்திருந்தார். முடிச்சூரில் என் அம்மாவிடம் இதை விளக்கியபோது, "இத்துனூண்டு தண்ணிக்கா இவ்ளோ படிப்பு?" என்றாள். எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான்.

நொதி வேலை செய்திருந்தால், கடைசியில் காரக் கரைசல் ஊற்றியதும் குழாய் செம்பழுப்பாகும். ஒப்பிட்டுப் பார்க்க, கொதிக்க வைத்துக் கொன்ற நொதியோடு இன்னொரு குழாய் வைப்போம். அது வெளிர் மஞ்சளாகவே கிடக்க வேண்டும். எங்கள் ஆய்வகத்தில் அதற்குப் பெயர் 'பொணம்'. தொடக்கத்தில், கலங்கலான சாற்றில் மட்டும் பொணம் வைத்துப் பார்த்திருந்தோம். தூய்மையான பிறகு ஒவ்வொரு சொட்டும் பொன்; அதைப் போய்க் கொதிக்க வைக்க யாருக்கு மனம் வரும்? ஆய்வேட்டைக் கொடுக்கும் முன் முறைக்கு ஒருதடவை என்றுதான் அக்கா அன்று வைத்தார்.

பொணம் சிவந்தது.

"இன்னாம்மா, பொணம் எய்ந்து குந்திகினு கீது!" அண்ணன் சிரித்தார். கூட யாரும் சிரிக்கவில்லை.

"சரியா கொதிக்கலடா," என்று என்னிடம் சொல்லிவிட்டு, அக்கா தானே மறுபடி நெடுநேரம் கொதிக்க வைத்தார். அதே நிறம். உயிருள்ள குழாயின் பக்கத்தில் வைத்தால் எது எதுவென்று தெரியவில்லை. நொதியே சேர்க்காத குழாய் மட்டும் மஞ்சளாக நின்றது. ஈஸ்ட்டின் நொதி சூட்டில் செத்துவிடும். முதல் சோதனைகளில் செத்தும் இருக்கிறது. அப்படியானால் இத்தனை காலம் நாங்கள் பேர் சொல்லிக் கூப்பிட்டபோதெல்லாம் பதில் கொடுத்தது வேறு ஏதோ. வழியில் எங்கோ நுழைந்து, அதன் இடத்தில் உட்கார்ந்து, அதன் வேலையைச் செய்துகொண்டிருந்தது.

"பொணத்தக் கழுவி ஊத்திடும்மா. சாருக்கு இன்னா தெரியப் போவுது?" என்றார் அண்ணன். இப்போது அவர் குரலிலும் சிரிப்பு இல்லை.

"அது நம்மளப் பாத்துடுச்சுண்ணா," என்றார் அக்கா. பிறகு போனை எடுத்தார். "சார், நாம புடிச்சது அது இல்ல."

அது எது என்று இன்றும் தெரியவில்லை. மிச்சம் உறைபெட்டியின் அடித்தட்டில் இருக்கிறது. நான் அந்தத் தட்டை இழுப்பதில்லை. அக்காவின் உதவித்தொகைக் காலம் முடிந்துபோனது, முதலிலிருந்து தொடங்க வீட்டில் விடவில்லை. ஊரப்பாக்கத்தில் பள்ளிப் பிள்ளைகளுக்கு உயிரியல் சொல்லித்தருகிறார். அந்த ஒரு குழாய்க்கு அவர் கொடுத்த விலை, தன் பெயருக்கு முன்னால் வந்திருக்க வேண்டிய 'முனைவர்'.