மச்சானுக்குப் பிடித்துப்போன பாட்டு

மேடையில் என்னை 'மக்கள் பாடகர்' என்று அழைப்பார்கள். அழைக்கிறவருக்கு நான் எங்கே இருக்கிறேன் என்று தெரியாது. மேடைக்குப் பின்னால் ஜெனரேட்டர் பக்கத்தில் நிற்பேன். யாராவது கையைப் பிடித்து இழுத்துவந்து மைக் முன்னால் விட வேண்டும். விட்டதும் கண்ணை மூடிக்கொள்வேன். பாட்டில் கரைந்துபோகிறேன் என்று ஒருவர் பத்திரிகையில் எழுதியிருந்தார். கரையவெல்லாம் இல்லை. எதிரே ஆட்கள் உட்கார்ந்திருக்கிறார்கள், அவ்வளவுதான்.

படித்தது ஐந்தாம் வகுப்பு வரை. ஆத்தங்குடியில் என் மனைவியின் அண்ணன் கல் பட்டறை வைத்திருக்கிறார். வீட்டுத் தரைக்குப் போடும் பூப்போட்ட சிமெண்டுக் கல். அங்கேதான் எனக்கு வேலை. கண்ணாடியின் மேல் சட்டத்தை வைத்து வர்ணக் குழம்பை ஊற்ற வேண்டும். ஊற்றும்போது பேசினால் கை ஆடும் என்பார்கள். எனக்கு இதைவிடப் பொருத்தமான வேலை கிடைக்காது. ஆனால் பாடினால் கை ஆடாது. அப்படித்தான் பாட்டுக் கட்டத் தொடங்கினேன். சாராயக் கடையை எதிர்த்து ஒன்று, வரதட்சணையை எதிர்த்து ஒன்று, கூலி கேட்டு ஒன்று. டீக்கடையில் டீ ஆறிப்போயிருக்கிறது என்று சொல்ல எனக்கு வாய் வராது. அதையும் குடித்துவிட்டு வந்துவிடுவேன். அரசாங்கத்தை அதட்டிக் கேள்வி கேட்கும் பாட்டு மட்டும் நாலைந்து வைத்திருக்கிறேன்.

என் மனைவிக்குச் சீதனமாக வந்த வயல் எங்கள் ஊர்க் கண்மாய்க்குக் கீழே இருக்கிறது. கண்மாய்க்கு மழைத்தண்ணீர் கொண்டுவரும் கால்வாய், பட்டறைக்குப் பின்புறமாகப் போகிறது. போனது என்று சொல்வதுதான் சரி. உடைந்த கல்லையும் கழிவையும் மச்சான் அங்கேதான் கொட்டச் சொன்னார்; அவருக்கு அது வெறும் பள்ளம். நாங்கள் கொட்டினோம். பள்ளம் மேடாகி, கல் காயப்போட நல்ல களம் கிடைத்தது. மழைத்தண்ணீர் ரோட்டுப் பக்கமாகத் திரும்பிப் போய்விட்டது. வயல் விதைக்காமல் கிடந்தது.

"இந்த வருசமும் வெதைக்கலைன்னா அது வயலு இல்லை, கருவக்காடு. எங்க அண்ணன்கிட்ட நீங்க பேசுங்க" என்றாள் மனைவி.

"உன் அண்ணன்தானே, நீயே பேசேன்."

"நான் போயி நெலத்தைப் பத்திப் பேச்செடுத்தா, பங்கு கேக்க வந்துட்டாளாக்கும்னு அண்ணி மூஞ்சியத் திருப்பிக்கிருவாக. நீங்க பொழுதன்னைக்கும் அங்குட்டுத்தானே இருக்கீக? ஒரு வார்த்தை சொல்ல மாட்டீகளா?"

சொல்கிறேன் என்றேன். ஒரு வாரம் மச்சான் பக்கத்தில் வரும்போதெல்லாம் தொண்டையைச் செருமினேன். "என்ன மாப்ள, சளியா?" என்று மாத்திரை வாங்கிக் கொடுத்தார். அதற்குப் பிறகு எப்படிச் சொல்வது? பாட்டுக் கட்டினேன்.

மானம் கறுத்திருச்சு, மழைத்தண்ணி எறங்கிருச்சு
போகும் வழி கேட்டுப் பொட்டலிலே நிக்குதய்யா
மண்ணைக் கொட்டி அடைச்ச மவராசன் யாருன்னு
கம்மா கேக்குதய்யா, காதுல விழுகலையா?

முதலில் 'கல்லைக் கொட்டி அடைச்ச கனவான்' என்றுதான் கட்டினேன். பாடிப் பார்த்தபோது மச்சான் முகம் வந்து நின்றது. உடனே கல்லை எடுத்துவிட்டு மண்ணைப் போட்டேன். காதுக்கும் இதுதான் இதமாக இருக்கிறது என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அநியாயத்தைத் தட்டிக் கேட்பதில் நான் இவ்வளவு பக்குவமானவன்.

காரைக்குடியில் ஒரு கூட்டத்தில் அதைப் பாடினேன். யாரோ செல்போனில் பிடித்து அனுப்பிவிட்டார்கள். ஊர் ஊராகப் போயிற்று. மூன்றாம் நாள் மச்சான் என்னை நோக்கி வேகமாக வந்தார். குழம்புச் சட்டியைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நின்றேன்.

"மாப்ள! கண்டனூர் ரோட்டுல வாய்க்காலை மூடிப் பிளாட் போட்டுருக்கானே, அவனைத்தானே சொல்லியிருக்கீக? பேரைச் சொல்லாமலே மானத்தை வாங்கிட்டீகளே!"

நான் சிரித்தேன். அதை ஆமாம் என்று எடுத்துக்கொண்டார். அன்றைக்கே அந்தப் பாட்டை ரிங்டோனாக வைத்துவிட்டார். கல் வாங்குகிறவர்கள் ஃபோன் செய்யும்போதெல்லாம் அவர் சட்டைப்பையிலிருந்து என் குரலில் கண்மாய் நியாயம் கேட்கும். நன்றாகக் கேட்கட்டும் என்று, களத்து மேட்டில் ஏறி நின்றுதான் எடுப்பார். அங்கேதான் டவர் கிடைக்கும்.

"உங்க பாட்டு எங்க அண்ணன் சட்டைப்பையில நல்லாத்தான் கத்துது. வயலுக்குத்தான் ஒண்ணும் வந்து சேரலை" என்றாள் மனைவி.

ஆயுத பூஜை வந்தது. மழைக்கு இன்னும் கொஞ்ச நாள்தான் இருந்தது. மச்சான் வாடகைக்கு விடும் ஜேசிபியைக் கழுவி, சந்தனம் வைத்து, வாழைக்கன்று கட்டி, மாலை போட்டிருந்தார்கள். பொரி, கடலை எல்லாம் கொடுத்து முடித்ததும் மச்சான் மைக்கை என் கையில் திணித்தார். "நம்ம மாப்ள பாடுவாக. எல்லாரும் உக்காருங்க."

கண்ணை மூடிக்கொண்டு பாடினேன். முடித்துக் கண்ணைத் திறந்தபோது மச்சான் என் தோளில் பொன்னாடையைப் போர்த்திக்கொண்டிருந்தார். அவர் கண் கலங்கியிருந்தது. இன்னொரு மைக்கை வாங்கி, "சொல்லுங்க மாப்ள, எந்தப் பயன்னு பேரைச் சொல்லுங்க. இந்தா நிக்குது வண்டி. நாளைக் காலையில நானே போயி அள்ளுறேன்" என்றார்.

பட்டறை ஆட்கள் பொரியை மெல்லுவதை நிறுத்திவிட்டார்கள். ஒருவர் துண்டை வாயில் அடைத்துக்கொண்டார். பெண்கள் பக்கத்தில் என் மனைவி நின்றாள். கோபமாகப் பார்த்திருந்தால்கூடத் தலையைக் குனிந்துகொண்டிருப்பேன். அவள் எதிர்பார்ப்போடு பார்த்தாள். எனக்கு அது பழக்கமில்லை.

மைக்கைக் கீழே வைத்தேன். மச்சான் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு பட்டறைக்குப் பின்னால் போனேன். வாழ்நாளில் இன்னொருவர் கையைப் பிடித்து நான் இழுத்தது அதுதான் முதல் தடவை. களத்து மேட்டில் நிறுத்தினேன்.

"என்ன மாப்ள?"

"இதுதான் மச்சான்."

"எது?"

"கால்வாய். நம்ம நிக்கிறோமே, இது."

ராகம் இல்லாமல் கேட்டபோது என் குரல் எனக்கே யாருடையதோ போல இருந்தது. மச்சான் கீழே பார்த்தார். உடைந்த கல்லில் பாதிப் பூக்கள் தெரிந்தன. ஒரு துண்டைக் காலால் புரட்டினார்.

"அப்ப இத்தனை நாளா என்னையத்தான் ஊரு ஊராப் பாடுனீகளா?"

"ம்."

"நான் அதை ரிங்டோனா வச்சுக்கிட்டுத் திரிஞ்சேனேய்யா! உங்க ஊருக்காரன் அம்புட்டுப் பேரும் எனக்கு ஃபோன் போட்டுப் போட்டுக் கட் பண்ணுனானுக. நான் என்னமோ வேலையில்லாம போடுறானுகன்னு நெனைச்சேன்."

"வயலு உங்க தங்கச்சி வயலு மச்சான்" என்றேன்.

"அதுக்கு 'மச்சான், இதை அள்ளுங்க'ன்னு ஒரு வார்த்தை சொன்னாப் போதாதா? சளிக்கு மாத்திரை வாங்கிக் குடுத்தேன்ல, அன்னைக்கே சொல்லியிருக்கலாம்ல?"

விருந்துக்கு உட்காராமல் பைக்கை எடுத்துக்கொண்டு போய்விட்டார். என் வேலை போயிற்று, மனைவிக்குப் பிறந்த வீடும் போயிற்று என்று நினைத்தேன். பொன்னாடையை மடித்து நாற்காலியில் வைத்துவிட்டு வந்தேன்.

மறுநாள் காலையில் ஜேசிபி மாலையும் வாழைக்கன்றுமாகவே கால்வாயில் இறங்கியது. மச்சான் கரையில் நின்று சத்தம் போட்டுக்கொண்டிருந்தார். என் பக்கம் திரும்பவில்லை. மழை வந்தபோது கண்மாய் பாதிக்கு மேல் நிறைந்தது. மனைவி விதைத்தாள்.

மச்சான் பிறகு அவளிடம்தான் சொல்லியனுப்பினார். "அடைச்சதைப் பாடுனாகல்ல உன் புருசன்? அள்ளிவிட்டதையும் பாடச் சொல்லு. அடைச்சதை மட்டும் பாடுறது என்ன நியாயம்?"

நியாயம்தான். ஆனால் எனக்குத் திட்டத்தான் வரும், புகழ்ந்து கட்ட வராது. பயிர் முழங்கால் உயரம் வளரும்வரை இழுத்தடித்து ஒரு அடி கட்டினேன். மிகச் சுமாரான அடி. கூட்டங்களில் அந்த இடம் வந்ததும் ஜனங்கள் டீ குடிக்க எழுந்துவிடுகிறார்கள். முன் வரிசையில் மச்சான் மட்டும் கையைக் கட்டிக்கொண்டு கடைசி வரை உட்கார்ந்திருப்பார். அந்த அடியை மட்டும் கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு பாடச் சொல்லியிருக்கிறார்.