பின்சீட்டில் பேசியவள்

லேத் பட்டறைக்காரருக்கு வருடம் முழுவதும் இரும்போடு மல்லுக்கட்டு. வருடத்துக்கு ஒரு வாரம் மட்டும் பட்டறையைப் பூட்டிவிட்டு மோட்டார் சைக்கிளை எடுப்பார். மலையேறி, அந்தப் பக்கம் இறங்கி, கடலோரமாகவே ஒரு சுற்று சுற்றித் திரும்புவார். பின்சீட்டில் மனைவி. கல்யாணமான புதிதில் தொடங்கிய பழக்கம். மகள் பிறந்ததும் அவளைச் சித்தி வீட்டில் விட்டார்களே தவிர, பயணத்தை விடவில்லை.

வண்டி ஓட்டுவதில் மனிதர் புலி. எந்த வளைவில் மணல் கிடக்கும், எந்தப் பாலத்தில் தார் பெயர்ந்திருக்கும், எல்லாம் அத்துப்படி. வேடிக்கை பார்ப்பது பின்னால் இருப்பவள் பொறுப்பு. வீட்டில் அவர் சாப்பிட்டதும் படுத்துவிடுவார். பேசுவதற்கு ஆள் கிடைக்காது. அதனால் வண்டியில் ஏறிவிட்டால் அவளுக்கு வாய் ஓயாது. காற்று இரைச்சல், தலையில் ஹெல்மெட், அதற்குள் பட்டறைச் சத்தத்தில் பாதி செத்துப்போன காது. அவள் சொல்வதில் பத்தில் ஒன்றுகூட விழாது. ஒவ்வொன்றுக்கும் நிறுத்தி "என்ன சொன்ன?" என்று கேட்டால் ஊர் போய்ச் சேர முடியுமா? "ம்" என்பார். கொஞ்சம் நீளமாகப் பேசினால், "ம், பாத்துக்கலாம்." இதை வைத்தே கால் நூற்றாண்டு சமாளித்த கெட்டிக்காரர்.

போன வருடம் அவள் செத்துப்போனாள். மார்பில் கட்டி. ஆஸ்பத்திரிக்குப் போனபோது கைமீறியிருந்தது. கொஞ்சம் முன்னாடி வந்திருந்தால் காப்பாற்றியிருக்கலாம் என்று டாக்டர் சொன்னது அவர் நெஞ்சில் முள்ளாகத் தைத்துவிட்டது. துக்கம் ஒரு பங்கு என்றால் கோபம் இரண்டு பங்கு. துக்கம் விசாரிக்க வந்தவர்களிடமெல்லாம் அதே பாட்டு.

"கட்டின புருஷன்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல பாருங்க. நான் என்ன வேத்து ஆளா?"

மகள் காதில் விழாதது போல அடுக்களைக்குள் போய்விடுவாள்.

இந்த வருடம் அவர் வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தபோது மகளே ஹெல்மெட்டோடு வந்து நின்றாள். "தனியா விட மாட்டேன்" என்று ஏறி உட்கார்ந்தாள். வழி நெடுக ஒரு வார்த்தை பேசவில்லை. பின்னால் அந்த அமைதி அவருக்கு என்னவோ போலிருந்தது. மலையில் பாதி இறங்கியதும் ஒரு டீக்கடையில் நிறுத்தினார். கீழே கடல் விரிந்து கிடந்தது.

"போன தடவ உங்கம்மா இதே பெஞ்சுலதான் உக்காந்திருந்தா," என்று ஆரம்பித்தார். "அப்பவே கட்டி இருந்திருக்கும். வாயத் தொறந்தாளா? கல்நெஞ்சுக்காரி."

மகள் டம்ளரைக் கீழே வைத்தாள். "போதும்பா. அம்மா சொன்னாங்க."

"யார்கிட்ட?"

"உங்ககிட்டதான். கடைசியா வந்தப்ப, வண்டியில. கட்டி மாதிரி ஒண்ணு தட்டுப்படுதுங்க, பயமா இருக்குன்னு சொல்லியிருக்காங்க. நீங்க, 'ம், பாத்துக்கலாம்'னு சொன்னீங்களாம்."

டீ சட்டையில் சிந்தியதை அவர் கவனிக்கவில்லை.

"வீட்டுக்கு வந்ததும் நீங்களே கேப்பீங்க, டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போவீங்கன்னு காத்துக்கிட்டு இருந்திருக்காங்க. ஆஸ்பத்திரியில படுத்தப்புறம்தான், உங்களுக்குக் கேட்டே இருக்காதுன்னு அவங்களுக்குப் புரிஞ்சிருக்கு. சொல்லிடாத, அப்பா தாங்க மாட்டாருன்னு என்கிட்ட சத்தியம் வாங்கினாங்க. நானும் சொல்லியிருக்க மாட்டேன். நீங்க அவங்களத் திட்டிக்கிட்டே இருக்கீங்க."

அவர் இத்தனை நாள் பேசிய பேச்செல்லாம் தன் மேலேயே வந்து விழுந்தது போலிருந்தது. பயந்துபோன ஒருத்தியை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு அவர் பள்ளம் பார்த்து ஓட்டியிருக்கிறார்.

"எந்த இடத்துல சொன்னாளாம்?" என்றார்.

"இறங்கும்போது முதமுதல்ல கடல் தெரியுமே, அங்கதானாம்."

பட்டறைக்காரர் எழுந்து, வந்த வழியைத் திரும்பிப் பார்த்தார். வளைவு வளைவாக மலை மேலே ஏறிக்கொண்டிருந்தது.

"அது எங்கம்மா இருக்கு?"

மகள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "தாண்டி வந்துட்டோம்பா."