ஈரம் விட்டுப்போன நோட்டீஸ்

இராமேஸ்வரத்தில் கோயிலுக்குப் பக்கத்து லாட்ஜ் ஒன்றில் நான் மேலாளர். மேலாளர் என்றால் ரிசப்ஷனில் உட்கார்ந்து ஆதார் நகல் வாங்குகிறவன். தமிழ் டைப்ரைட்டிங்கில் ஹையர் பாஸ் செய்தவன் என்பதை வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிவிடுவேன். யாரும் கேட்டதில்லை.

வடக்கிலிருந்து வருகிறவர்கள் கோயிலில் இருபத்திரண்டு தீர்த்தமும் ஆடிவிட்டு, சொட்டச் சொட்ட அறைக்கு வந்து கட்டிலில் உட்கார்ந்துவிடுவார்கள். மெத்தை காயப்போட்டே அலுத்துப்போன முதலாளி ஒருநாள் சொன்னார்: "ஈரத் துணியோட உள்ள வராதீகன்னு இந்தியில ஒரு நோட்டீஸ் அடிக்கணும்ப்பா. வெளிய குடுப்பமா?"

"எதுக்கு மொதலாளி? கீபோர்டுல இந்தி பாஷையச் சேத்துட்டா நானே அடிச்சிருவேன்."

அதுவரை அந்தக் கீபோர்டில் நான் சேர்த்தது கைதவறிக் கொட்டிய டீ மட்டுமே.

வீடியோ ஒன்றை நிறுத்தி நிறுத்திப் பார்த்து, செட்டிங்ஸுக்குள் போய் இந்தியைச் சேர்த்துவிட்டேன். பெருமை தாங்காமல் திரையைப் பூட்டிவிட்டு இட்லி சாப்பிடப் போனேன். திரும்பி வந்து பாஸ்வேர்டு அடித்தால், தவறு என்றது. மறுபடி அடித்தேன். தவறு. ஒற்றை விரலால், ஒவ்வொரு எழுத்தாக வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே அடித்தேன். அறைக்காகக் காத்து நின்ற குடும்பத்துக்கே பாஸ்வேர்டு மனப்பாடமாகியிருக்கும். கம்ப்யூட்டர் மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை.

முதலாளி எட்டிப் பார்த்தார். "என்னப்பா?"

"வைரஸ் மொதலாளி" என்றேன், டாக்டர் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு.

தரை துடைத்துக்கொண்டிருந்த பெண் நிமிர்ந்தார். மண்டபத்திலுள்ள இலங்கை அகதிகள் முகாமிலிருந்து தினமும் வேலைக்கு வருகிறவர். வெளிநாட்டிலிருக்கும் தங்கைக்குப் போனில் ஓயாமல் தமிழில் எழுதி அனுப்பிக்கொண்டிருப்பார். "அண்ணை, கீழ மூலையில ஏதோ இந்தி எழுத்துக் கிடக்கு. நீங்கள் அடிக்கிறது முழுக்க இந்தியில போகுது போல. அதைத் தட்டி இங்கிலீசுக்கு மாத்திப் பாருங்கோ."

மாற்றினேன். திறந்துகொண்டது. "அதத்தான் செய்யப் போனேன்" என்றேன். அவர் துணியைப் பிழிந்தார்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆங்கில எழுத்தில் அடித்தால் இந்தியாக மாறும் கீபோர்டு ஒன்று இருப்பதைக் கண்டுபிடித்து, அதையும் சேர்த்தேன். எனக்கு இந்தி படிக்கத் தெரியாது. யாத்ரீகர்களோடு பேசிப் பேசிப் பழகிய இந்திதான். வாயில் வந்ததை அடித்தேன். 'ஈரமான' என்பதற்கு மட்டும் சொல் வரவில்லை. யாரிடமாவது கேட்டுப் பிறகு சேர்த்துக்கொள்ளலாம் என்று விட்டேன். அதற்குள் ஒரு பஸ் நிறைய ஆட்கள் வந்து இறங்கினார்கள். மாலையில் திரையைப் பார்த்தபோது எழுத்துகளெல்லாம் கொடியில் துணி காயப்போட்ட மாதிரி அழகாகத் தொங்கின. எதுவும் குறைவதாகத் தெரியவில்லை. அச்சடித்து, லேமினேட் செய்து, எல்லா அறைக் கதவுகளிலும் ஒட்டினேன்.

மூன்று நாள் ஆட்கள் அதன் முன்னால் நின்று போட்டோ எடுத்தார்கள். "நல்லா அடிச்சிருக்கப்போல" என்றார் முதலாளி. நான் அடக்கமாகத் தலையாட்டினேன்.

நான்காம் நாள் காலை ஒரு வடநாட்டுப் பெரியவர் நனைந்த வேட்டியோடு ரிசப்ஷனுக்கு வந்தார். பின்னால் அவர் மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார்.

"மேனேஜர் சாப்," பெரியவர் மிகுந்த மரியாதையோடு இந்தியில் ஆரம்பித்தார். "உங்கள் விதிப்படி நடக்க நான் தயார்தான். ஆனால் வயதாகிவிட்டது. வராந்தாவில் பெண்களும் நிற்கிறார்கள்."

எனக்கு விளங்கவில்லை. என்னைத் தன் அறைக் கதவருகே அழைத்துப் போய், விரல் வைத்து நிதானமாகப் படித்துக் காட்டினார்: உடை அணிந்துகொண்டு அறைக்குள் வராதீர்கள்.

காதெல்லாம் சூடாகிவிட்டது. பேனாவை அவரிடமே நீட்டினேன். விட்டுப்போன சொல்லை ஒரு காகிதத்தில் எழுதிக் கொடுத்தார். அதைப் பார்த்துப் படம் வரைவதுபோல் ஒவ்வொரு கதவிலும் மார்க்கரால் எழுதிக்கொண்டு போனேன். முகாம் பெண்ணுக்கு விஷயம் எப்படியோ தெரிந்திருந்தது. "கவனம் அண்ணை, இந்த முறை உடுப்பு விட்டுப்போகப் போகுது" என்றார்.

முதலாளியிடம் நானே போய்ச் சொன்னேன். வேறு யாராவது சொல்வதற்குள் சொல்லிவிடுவது நல்லது என்று தோன்றியது.

"மூணு நாளா ஒட்டிக் கெடந்துச்சே, எவனாச்சும் துணியக் கழத்திட்டு வந்தானா?"

"இல்ல மொதலாளி."

"அப்ப நீ திருத்துனா மட்டும் எவன் கேக்கப் போறான்?"

சொல்லிவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தார். நிறுத்த முடியாமல் இருமல் வந்துவிட்டது. ஓடிப்போய்த் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன்.