கோப்பையில் இல்லை

1961 ஒக்டோபர் 17, செவ்வாய்க்கிழமை, காலை பத்து மணி இருபது நிமிடம். வெளியே பனிமூட்டம், அதற்குள் நூல் நூலாகத் தூறல். வார்டின் சுவர்க்கடிகாரம் பத்து பதினேழு என்று காட்டியது. அது மூன்று நிமிடம் பிந்தி ஓடுகிற கடிகாரம் என்பதை வந்த அன்றே கண்டுபிடித்துவிட்டேன். நானுஓயா ரயில் நிலையத்தில் சரிபார்த்த என் கைக்கடிகாரத்தைத்தான் நம்பினேன். பெண்கள் வார்டில் பதினான்கு கட்டில்கள், பதினேழு நோயாளிகள், மூவர் பாயில். வாசலிலிருந்து எண்ணினால் என் மனைவி ஆறாவது கட்டில்.

அவளுடைய இடது காலில் பெருவிரலும் அடுத்த விரலும் கறுத்துப்போயிருந்தன. பதினொரு நாட்களுக்கு முன் கொழுந்து எடுக்கும்போது தேயிலைக் கட்டை ஒன்று கீறிய காயம். முதல் நாள் அது ஒரு சதக் காசு அளவுதான் இருந்தது. அன்று காலை எட்டு மணிக்குப் பெரிய வைத்தியர் வந்து பார்த்தார். உடம்பில் சீனி இறங்கினால்தான் புண் ஆறும், வெள்ளிக்கிழமைவரை பார்ப்போம் என்றார். இறங்கினால் இரண்டு விரல்களோடு முடியும். இறங்காவிட்டால் முழங்காலுக்குக் கீழே எடுக்கவேண்டி வரும். சொல்லிக்கொண்டே தன் கால்சட்டைமேல் ஆள்காட்டி விரலால் ஒரு கோடு இழுத்துக் காட்டினார். சரிவில் ஏறி இறங்கிக் கொழுந்து எடுத்துப் பிழைப்பவளுக்கு அந்தக் கோடு என்னவென்று விளக்கத் தேவையில்லை. அவள் என்னைப் பார்க்காமல் கூரையைப் பார்த்தாள்.

நான் என் நோய்க் கொப்பியை வைத்தியரிடம் நீட்டினேன். நாலு பக்கம் புரட்டிவிட்டு, இவ்வளவு ஒழுங்காக எழுதி வைத்த நோயாளி வீட்டுக்காரரைத் தான் பார்த்ததில்லை என்றார். அந்த நேரத்திலும் எனக்குப் பெருமையாக இருந்தது. இன்று எழுதும்போது கை கூசுகிறது.

நான் அப்போது தோட்டத்துப் பள்ளிக்கூட வாத்தியார். ஐந்தாம் வகுப்புவரை அறுபத்திரண்டு பிள்ளைகள், ஒரே அறை, ஒரே வாத்தியார். என் சம்பளத்தில் வீடு ஓடாது. அதனால் மனைவியின் பெயர் தோட்டத்துச் செக்ரோலில், தொழிலாளர் பதிவேட்டில், இருந்தது. அவள் பெயர் இருந்ததால்தான் லயத்து வரிசை வீட்டில் ஒரு காம்பராவும் அரிசியும் எங்களுக்கு இருந்தன. அவள் கால் போனால் பெயர் போகும். பெயர் போனால் காம்பரா போகும். இதையும் அன்று கணக்குப் பார்த்தேன்.

நோய் தெரியவந்தது 1956 மார்ச்சில். மலையில் அவள் ஒதுங்கிய இடத்தில் எறும்பு மொய்த்ததைக் கூட வேலை செய்த பெண்கள் பார்த்துவிட்டார்கள். "ஏன்டி, வாத்தியாரு ஒனக்கு மட்டும் மிட்டாய் வாங்கித் தர்றாரா? எறும்பு பெரட்டுக்கு நிக்கிற மாதிரி வரிசையா நிக்குது" என்று ஒருத்தி கேட்க, மலையே சிரித்ததாக என் மனைவி வந்து சொன்னாள். அவளும் சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. மறுநாள் டிஸ்பென்சரிக்குக் கூட்டிப் போனேன்.

அங்கிருந்த மருந்துக்காரர் யாழ்ப்பாணத்தவர், நிதானமான மனிதர். கண்ணாடிக் குழாயில் நீல மருந்து ஊற்றி, அவளுடைய சிறுநீரில் எட்டுச் சொட்டு விட்டு, ஸ்பிரிட் விளக்கில் காய்ச்சினார். நீலம் நீலமாகவே நின்றால் சீனி இல்லை. பச்சை, மஞ்சள் என்று மாறினால் இருக்கிறது. செங்கல் நிறம் வந்தால் மிக அதிகம். எங்கள் கண் முன்னால் அது செங்கல் நிறமானது. அவர் விளக்கை அணைத்துவிட்டுக் கேட்டார்:

"தேத்தண்ணிக்குச் சீனி போடுறனீரோ?"

"போடுவேனுங்க."

"இண்டையிலிருந்து போடக்கூடாது."

"சரிங்க டாக்டரையா."

அவ்வளவுதான். அவள் அன்றே சீனியை விட்டுவிட்டாள். ஒருமுறைகூட எனக்குத் தெரியாமல் டப்பாவைத் திறந்ததில்லை. நான் டப்பாவுக்குள் கோடு போட்டு வைத்திருந்தேன், எனக்குத் தெரியும்.

அன்றிலிருந்து கொப்பி எழுதினேன். தேதி, ஊசி மருந்தின் அளவு, சோறு எத்தனை கரண்டி, ரொட்டி எத்தனை, சீனி. சீனி என்ற அந்தக் கடைசிப் பத்தியில் ஒவ்வொரு நாளும் 'இல்லை' என்று எழுதினேன். தினமும் காலைப் பெரட்டில் பேர் கூப்பிடுவதற்கு முன் அவள் டிஸ்பென்சரியில் ஊசி போட்டுக்கொண்டாள். செவ்வாய்தோறும் சோதனை. மொத்தம் இருநூற்றுத் தொண்ணூற்றொரு சோதனைகள்; செங்கல் இருநூற்று நாற்பத்தெட்டு, மஞ்சள் நாற்பத்து மூன்று. பச்சையும் நீலமும் ஒருமுறைகூட இல்லை. ஊசி பதினாறு யூனிட்டில் தொடங்கி நாற்பத்தெட்டுக்கு ஏறியது.

காரணம் தெரியாமல் நான் எல்லோரையும் சந்தேகப்பட்டேன். மருந்துக்காரர் மருந்தில் தண்ணீர் கலக்கிறாரோ என்று நினைத்து இரண்டு முறை முறைப்பாடு எழுதி, இரண்டையும் அனுப்பாமல் கிழித்தேன். பிறகு அவள் சாப்பாட்டைச் சந்தேகப்பட்டேன். காலையில் சாப்பிடும் இரண்டு ரொட்டியை ஒன்றரை ஆக்கினேன், பிறகு ஒன்று. அந்த ஒரு ரொட்டியோடு அவள் மலை ஏறினாள். "பசிக்குதுங்க" என்று இரண்டு தடவை சொன்னாள். கொப்பியைக் காட்டினேன், கூடையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

இனி அந்தப் பத்து இருபதுக்கு வருகிறேன்.

ஆஸ்பத்திரி வேலைக்காரம்மா தேநீர் கொண்டுவந்தாள். கொத்மலைப் பக்கத்துச் சிங்களப் பெண், ஐம்பது வயதிருக்கும், தமிழை உடைத்துப் பேசுவாள். ஆறாவது கட்டிலுக்கு மட்டும் பாலும் சீனியும் இல்லாத வெறும் சாயத் தண்ணி. என் மனைவி கோப்பையை வலது கையில் வாங்கினாள். இடது கையைத் தலையணைக்கு அடியில் விட்டு ஒரு சிறு முடிச்சை எடுத்தாள். பல்லால் அவிழ்த்தாள். உள்ளங்கையில் புளியங்கொட்டை அளவில் ஒரு துண்டு கருப்பட்டி, கித்துள் மரத்துப் பதநீரில் காய்ச்சியது. நாக்கால் ஒரு தடவை தொட்டாள், ஒரு மிடறு குடித்தாள். மறுபடி தொட்டாள், மறுபடி குடித்தாள்.

நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. லயத்தில் எல்லோரும் அப்படித்தான் குடிப்பார்கள். என் அம்மா அப்படித்தான் குடித்தாள். சின்ன வயதில் நானும் அப்படித்தான் குடித்தேன். அது தேநீர் குடிக்கும் முறை, அவ்வளவுதான்.

வேலைக்காரம்மா நகராமல் நின்றாள். பிறகு என் பக்கம் திரும்பித் தன் உள்ளங்கையை விரித்துக் காட்டினாள்.

"வாத்தியார், கோப்பைக்கு சீனி இல்ல. கைக்கு இருக்கு. எங்க வீட்லயும் இப்படித்தான்" என்றாள்.

என்ன செய்வதென்று தெரியாமல் கட்டில்களை எண்ணினேன். பதினைந்து வந்தது. மறுபடி எண்ணினேன், பதின்மூன்று வந்தது.

"ஏன் சொல்லல?" என்று மனைவியைக் கேட்டேன்.

"என்னத்தச் சொல்லல? சீனி போடாதன்னாரு, போடல. இது சீனியா? கருப்பட்டி. அதையும் தேத்தண்ணியில போடல. நான் பொய்யா சொன்னேன்?" அவள் முகத்தில் கள்ளமே இல்லை. அடுத்ததை இன்னும் மெதுவாகச் சொன்னாள். "நீங்கதானே வாங்கிட்டு வந்தீங்க."

நான்தான் வாங்கி வந்தேன். சம்பளத்துக்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை கொத்மலையிலிருந்து ஒரு கிழவன் வாழைச் சருகில் சுற்றிய கருப்பட்டி விற்க வருவான். 1956 மார்ச்சுக்கு முன் நாங்கள் அவனிடம் வாங்கியதே இல்லை. அந்த மாதம்தான் அவள், வெறும் சாயம் தொண்டையில் இறங்கவில்லை, ரெண்டு வட்டு கருப்பட்டி வாங்கிட்டு வாங்க என்றாள். பாவம், சீனியை ஒரே நாளில் விட்டவள் என்று இரங்கி வாங்கினேன். பிறகு மாதம் தவறவில்லை.

முடிச்சைப் பிடுங்கி ஜன்னலுக்கு வெளியே சாக்கடையில் எறிந்தேன். வேலைக்காரம்மாவிடம், வைத்தியரிடம் நானே சொல்லிக்கொள்கிறேன், நீ சொல்லாதே என்று கெஞ்சினேன். அவள் தலையாட்டினாள். நான் சொல்லவில்லை. இரண்டு மணி நேரத்துக்கு முன் என் கொப்பியைப் பாராட்டிய மனிதரிடம் எப்படிச் சொல்வது? நாளைக்குச் சொல்லலாம் என்று பகல் ரயில் ஏறி வீட்டுக்குப் போனேன்.

நானுஓயாவிலிருந்து நாலு மைல் நடை. வீட்டில் ஒரே பலகையில் இரண்டு கொப்பிகள் இருக்கும், ஒன்று நோய்க் கொப்பி, மற்றது வீட்டுச் செலவுக் கொப்பி. இரண்டையும் ஐந்து வருடம் ஏழு மாதமாக நானே எழுதினேன்; ஒரு நாள்கூடப் பக்கத்தில் பக்கத்தில் விரித்ததில்லை. அன்று விரித்தேன். இடது பக்கம், 'சீனி: இல்லை.' வலது பக்கம், அதே மாதம், அதே மை, அதே கையெழுத்து, 'கருப்பட்டி, 2 வட்டு.' எழுந்து போய் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தேன். எழுத்து மாறவில்லை.

மறுநாள் புதன்கிழமை பதினொன்று ஐந்துக்கு வார்டுக்குள் நுழைந்தேன். என் மனைவிக்கு வேர்த்துக் கொட்டிக்கொண்டிருந்தது. அந்தக் குளிரில் சட்டை நனைந்திருந்தது. கை நடுங்கியது. என்னைப் பார்த்து, "அப்பா, கூடைய எறக்கி விடுங்க" என்றாள். அவள் அப்பா செத்து ஒன்பது வருடம். நான் நர்ஸைக் கூப்பிட்டேன். கருப்பட்டி நின்றது தெரியாமல் அன்று காலையும் வழக்கமான நாற்பத்தெட்டு யூனிட் போட்டிருந்தார்கள்; உடம்பில் சீனி அளவுக்கு மீறி இறங்கிவிட்டது. அவர்களுக்குத் தெரியாததற்குக் காரணம் நான் ஒருவன்தான்.

நர்ஸ் ஓடிவந்து நாடி பார்த்தாள், கண்ணைப் பார்த்தாள். பிறகு ஒரு கோப்பையில் சீனியைக் கரைத்துக் கரண்டி கரண்டியாக அவள் வாயில் ஊற்றினாள். ஏழு கரண்டி. பதினெட்டு நிமிடம் கழித்து என் மனைவி என்னை அடையாளம் கண்டாள். உதட்டை நக்கிப் பார்த்துவிட்டு, "நேத்து நீங்க தூக்கி எறிஞ்சீங்க, இன்னைக்கு இவங்க கரண்டியில குடுக்குறாங்க. எது சரிங்க வாத்தியாரே?" என்றாள்.

கல்யாணமான நாளிலிருந்து அவள் என்னை வாத்தியாரே என்று கூப்பிட்டது அந்த ஒரு முறைதான்.

வைத்தியர் வந்ததும் இரண்டு கொப்பிகளையும் விரித்து வைத்தேன். அவர் நின்றபடியே படித்தார். திட்டவில்லை. இதை நேற்றே சொல்லியிருக்க வேண்டும் என்று மட்டும் சொல்லிவிட்டு, ஊசியை இருபது யூனிட்டுக்குக் குறைக்க எழுதினார். திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

வியாழன் மஞ்சள். வெள்ளி காலை பச்சை. வாழ்க்கையில் நான் பார்த்த முதல் பச்சை. அந்தக் குழாயை வெளிச்சத்தில் பிடித்து நின்றேன்; நர்ஸ் கையை நீட்டிக் கேட்கும்வரை கொடுக்கவில்லை. வைத்தியர் இன்னும் பத்து நாள் பொறுத்தார். ஒக்டோபர் 30, திங்கட்கிழமை, பெருவிரலையும் அடுத்த விரலையும் எடுத்தார்கள். கால் தப்பியது. மலை ஏற முடியாது என்பதால் அவளுக்கு ஃபெக்டரியில் உட்கார்ந்து தேயிலையில் குச்சி பொறுக்கும் வேலை கிடைத்தது. பெயர் செக்ரோலில் நின்றது, காம்பராவும் நின்றது. இரண்டு ரொட்டியைத் திருப்பிக் கொடுத்தேன். அவள் அதன்பிறகு பத்தொன்பது வருடம் இருந்தாள்.

அந்தப் பத்தொன்பது வருடமும் அவள் சாயம் குடிக்கும்போதெல்லாம் இடது உள்ளங்கையை விரித்துத்தான் வைத்திருந்தாள். அதில் ஒன்றும் இருக்காது. ஒரு மிடறு குடித்துவிட்டுக் கையைப் பார்ப்பாள். வேண்டுமென்று செய்தாளா, கை பழக்கமா என்று கேட்க எனக்குத் தைரியம் வந்ததில்லை.

ரயில் கட்டணம், கட்டுத் துணி, அந்த மாதம் அவளுக்கு இல்லாமல் போன சம்பளம், எல்லாவற்றையும் வேறு பக்கத்தில் எழுதியிருக்கிறேன். அவை இங்கே வேண்டாம். அந்த இரண்டு விரல்களுக்கு நான் என் கையால் எண்ணிக் கொடுத்தது மட்டும் இது. அறுபத்தேழு மாதம், மாதம் இரண்டு வட்டு, வட்டு முப்பது சதம். கிழவன் ஒருமுறைகூட விலை ஏற்றவில்லை. நாற்பது ரூபா இருபது சதம்.